குழந்தைகளுக்கு ஏற்ற தெரு

தெருமுனை ஊஞ்சலின் சங்கிலி உப்புக்காற்றில் துருவேறி, கட்டிப் பல வருடம் ஆனதைப் போலிருந்தது. ஆனால் அதற்கடியில் புல் முழுதாக வளர்ந்திருந்தது. பிள்ளைகள் ஆடுகிற ஊஞ்சலுக்குக் கீழே கால் உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். இங்கே ஒரு பாதம்கூடப் பட்டதாகத் தெரியவில்லை. கணவனிடம் சொல்ல வாயெடுத்தவள், வேண்டாமென்று விட்டுவிட்டாள். சொன்னால் சண்டைதான் வரும்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் வாடகைக்கு வீடு தேடிப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே பிழைப்பு. கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நகரத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை. நகரத்துக்குள் வாடகையைக் கேட்டால் மயக்கம் வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டில் மழைக்கு முழங்கால் தண்ணீர் நின்ற கறை சுவரில் இருந்தது. இன்னொன்றின் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, குடிதண்ணீர் இல்லை. மூன்றாவதில் எல்லாம் இருந்தது, வீட்டுக்காரம்மாவுக்குக் குழந்தைச் சத்தம் ஆகாது. "குழந்தையை மூட்டையில கட்டி பரண்ல போட்டுடட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த வாயால்தான் அந்த வீடும் போனது என்று அவன் இன்னமும் சொல்லிக்காட்டுவான்.

இந்தத் தெருவில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"குழந்தைங்களுக்குன்னே அமைஞ்ச ஏரியா மேடம்," என்றார் புரோக்கர். "ஸ்கூல் நடந்து போற தூரம். வண்டித் தொந்தரவு கிடையாது. கடல் அந்த மேட்டுக்குப் பின்னாடிதான், ஆனா காத்து மட்டும்தான் வரும்."

"வாடகை ஏன் இவ்ளோ கம்மி?"

"இங்க யாரும் காசுக்காகக் கொடுக்கறதில்ல மேடம். நல்ல குடும்பமா வரணும், அவ்வளவுதான்."

வீட்டுக்குள் சுண்ணாம்பு மணமும், அதற்கடியில் ஈர மணலின் மணமும் இருந்தன. குழாயைத் திறந்தாள், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஜன்னலைத் திறந்தாள், காற்று வந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அலைச் சத்தம் கேட்கவில்லை. சத்தங்களோடே பிழைப்பு நடத்துகிறவள் அவள். நின்று, மூச்சை அடக்கி, காதைத் தீட்டினாள். ஒரு நாய் இல்லை, ஒரு குக்கர் விசில் இல்லை. எல்லா வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மற்றவரோடு பேசவில்லை.

"ஏங்க, இந்தத் தெருவுல குழந்தைங்களே கண்ணுல படலியே?"

அவன் பொறுமை அதோடு அறுந்தது. "உனக்கு வேணும்னே ஏதாவது ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும். தண்ணி வருதா? வருது. காத்து வருதா? வருது. அடுத்த மாசம் எங்க போய்ப் படுக்கறது, பஸ் ஸ்டாண்ட்லயா?"

"கத்தாதீங்க. அவ பயப்படுவா."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். மகள் இல்லை.

ஆறு வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. கணநேரம் ஓரிடத்தில் நிற்காத வாலு. மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், தாடையில் ஒரு சின்னத் தழும்பு. கூடத்தில் இல்லை, குளியலறையில் இல்லை, காரிலும் இல்லை.

"இந்தத் தெருவுல குழந்தை தொலையாது மேடம்," என்றார் புரோக்கர், பதறாமல்.

அந்த நிதானத்தைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் மேட்டுப்பக்கம் ஓடினான். அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றிருந்த அம்மாள் அதே சிரிப்போடு, "மஞ்சள் கவுனா? உள்ளதான் விளையாடிட்டு இருக்கா," என்றாள்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. விக்கல் மாதிரி நடுவில் அறுந்து, பிறகு தொடர்கிற சிரிப்பு. வாலுவேதான். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "அனுப்புங்கம்மா, நேரமாச்சு."

"இருக்கட்டுமே. குழந்தை ஆசையா விளையாடுது."

"இல்லம்மா, கூப்பிடுங்க."

"கூப்பிடறேன்," என்றாள் அம்மாள். கூப்பிடவில்லை. நகரவும் இல்லை. கதவை மறைத்துக்கொண்டு சிரித்தபடியே நின்றாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழையலாமா என்று யோசித்த அந்த வினாடியில், பின்னாலிருந்து, தெருவின் மறுபக்க வீட்டிலிருந்து, அதே சிரிப்பு கேட்டது.

அவள் திரும்பினாள். இந்த வீட்டுக்குள்ளும் அது ஓயவில்லை.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு காதுக்கும் தனித்தனியே சத்தம் கொடுத்துச் சோதிக்கிற தொழில் அவளுடையது. எதிரொலி எப்படி இருக்குமென்று அவளுக்குத் தெரியும். எதிரொலி பிந்தி வரும், தேய்ந்து வரும். இவை இரண்டும் பிந்தவில்லை. தேயவில்லை.

மறுபக்க வீட்டுக்கு ஓடினாள். பனியன் போட்ட ஒரு பெரியவர். "உங்க பொண்ணா? சாப்பிட்டுட்டு இருக்காம்மா."

"அவளை வெளிய அனுப்புங்க!"

"நல்ல பொண்ணு. அடம் பிடிக்கவே இல்ல."

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இருட்டிய கூடம். கடைசி அறையில் தட்டில் ஸ்பூன் உரசும் சத்தம். தரையில் மணல். ஈர மணலில் சின்னப் பாதங்கள், பின்கட்டிலிருந்து உள்ளே வந்தவை. வெளியே போனவை இல்லை.

"வாலு!" என்று கத்தினாள்.

"என்னம்மா?"

இந்த வீட்டிலிருந்து. எதிர்வீட்டிலிருந்து. அதற்கடுத்த வீட்டிலிருந்து. தெருக்கோடி வரை. எல்லாம் ஒரே குரல். ஒரே நேரம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேட்டின் நிழல் வீடுகளின் மேல் இறங்கியது. யாரும் விளக்குப் போடவில்லை.

கார் ஹாரன் அடித்தது. விடாமல்.

"கிடைச்சிட்டா! வா, ஏறு!" கணவன் கத்தினான். "அந்தக் கோடி வீட்டம்மா கொண்டாந்து விட்டாங்க. போதும், இந்த வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஓடினாள். பின்சீட்டில் மஞ்சள் கவுன். பெல்ட் போட்டு, கையை மடியில் வைத்து, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. முடியெல்லாம் ஈரம்.

"தண்ணிக்குள்ள போனியாடி?"

வாலு தலையாட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

அவள் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். "எடுங்க. சீக்கிரம் எடுங்க."

வண்டி நகர்ந்தது. ஒரு வீட்டைத் தாண்டியதும் நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க?"

ஸ்டியரிங்கில் இருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன. அவன் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள்.

வாசல்களில் அவர்கள் நின்றார்கள். பெரியவர்கள் பின்னால், சிரித்தபடி. ஒவ்வொருவரின் கையும் ஒரு தோள்மேல். ஒவ்வொரு கைக்கும் கீழே ஒரு மஞ்சள் கவுன். ஈர முடி. அதே நெற்றி, அதே காது, தாடையில் அதே தழும்பு. தெருவின் இரண்டு பக்கமும். கடைசி வீடு வரை.

பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் பெற்றவர்கள் வந்து அடையாளம் காட்டட்டும் என்று நிறுத்தி வைப்பார்களே, அப்படி.

ஒருத்தி அழுதாள். ஒருத்தி கையாட்டினாள். ஒருத்தி, மேட்டுக்குப் பக்கத்தில், பிடியிலிருந்து திமிறிக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் இங்க இருக்கேம்மா! அம்மா!"

எல்லாம் வாலுவின் குரல்தான். அவள் காது எதையும் பிரித்துச் சொல்லவில்லை. கதவுப்பிடியில் கையை வைத்தாள். திறக்கவும் முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை.

பின்சீட்டில் பெல்ட் கழன்ற சத்தம். ஈரமான இரண்டு சின்னக் கைகள் பின்னாலிருந்து அவள் கழுத்தைச் சுற்றின. மணல் நறநறவென்று தோலில் உரசியது. காதோரம் வாய் வந்தது. கும்பலாக எடுத்த பழைய ஃபோட்டோவைக் காட்டிக் கேட்கிற மாதிரி, ஆசையாகக் கேட்டது.

"அம்மா, இதுல நான் யாரும்மா?"