நலம் விசாரிக்கப் போனவள்

ஆட்டம் தொடங்கிய நாற்பதாவது விநாடியில் பியூலா நலம் விசாரிக்கப் போனாள்.

முறைப்படி சொன்னால், எதிரணி இசக்கியின் முதுகில் முன்னங்கையால் ஒரு தள்ளு தள்ளினாள். ரோலர் டெர்பியில் அது இரட்டைத் தப்பு. சக்கரக் காலணியில் சுற்றிவரும் எதிரணிக்காரியைத் தோளால் இடித்து மறிக்கலாம், இடுப்பால் மறிக்கலாம். முழங்கைக்குக் கீழே உள்ள கையால் கூடாது. நெஞ்சில், விலாவில், தொடையின் மேற்பாதியில் இடிக்கலாம். முதுகிலும் தலையிலும் கூடாது. சும்மா பட்டால் குற்றமில்லை, பட்டவள் நிலைகுலைய வேண்டும். இசக்கி இரண்டடி தடுமாறினாள்.

விசில் ஊதவில்லை. ஊதுவதற்கு நடுவர்களே இல்லை. ஒரு காலத்தில் ஏழெட்டு நடுவர்கள் ஓடி ஓடிக் கத்துவார்களாம்; தப்புச் செய்தவளை முப்பது விநாடி ஓரத்து நாற்காலியில் உட்கார வைப்பார்களாம். இப்போது எல்லோரும் உடம்போடு ஒட்டிய மறுவலி உடை அணிகிறார்கள். தப்பான இடியை உடையே கண்டுபிடிக்கும். இடிபட்டவளின் நரம்புகள் அந்தக் கணத்தில் உணர்ந்ததைப் படித்து, இடித்தவளின் உடம்பில் அப்படியே முப்பது விநாடி ஓட விடும். அவள் அதோடுதான் ஆட வேண்டும். ஏழு தப்பு சேர்ந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே.

அடுத்தவர் வலி தெரிந்தால் மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று உடையைச் செய்தவர்கள் நம்பினார்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆனால் உடைக்குப் புது வலி, பழைய வலி என்ற பேதம் தெரியாது. இடிபட்டவளுக்குப் போன வாரம் சுளுக்கிய கணுக்காலும் சேர்ந்தே வரும். பயிற்சியாளர்கள் இதன் பயனைக் கண்டுபிடிக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏழாவது தப்புக்குத்தான் வெளியேற்றம் என்றால் ஒவ்வொருத்தியிடமும் ஆறு கைவசம் இருக்கிறது. எதிரணியில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று ஆறு முறை கேட்டு வரலாம். இதற்குத்தான் நலம் விசாரிப்பு என்று பெயர்.

தூத்துக்குடி அணியில் அது பியூலாவின் வேலை. எப்பேர்ப்பட்ட வலி வந்தாலும் முகத்தில் காட்ட மாட்டாள். இப்போதும் காட்டவில்லை. இடது விலாவில், கீழிருந்து மூன்றாவது எலும்பு. மூச்சை முழுதாக இழுத்தால் குத்தியது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். விரிசல், குறைந்தது ஒரு வாரம் பழசு.

இசக்கி ஏன் மறைக்கிறாள் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. திங்கட்கிழமை துறைமுகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு உடல்தகுதித் தேர்வு. இசக்கியின் பெயரும் பட்டியலில் இருந்தது, பியூலாவின் பெயரும் இருந்தது. எலும்பில் கீறல் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த யோசனையில் பியூலா கொஞ்சம் பின்தங்கியபோது, அவள் முதுகிலேயே ஒரு முன்னங்கை விழுந்தது. பாளையங்கோட்டை அணியின் மதுரம். அவர்களும் விசாரிப்பார்கள்தானே. பியூலாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. தேர்வுக்காக ஒரு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்த உடம்பு. மதுரத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

முதல் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஞானதுரை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "எங்கனட்டி?"

"இடது வெலா மாஸ்டர். விரிசல் விட்டுருக்கு. மூச்சே விட முடியல அவளால."

"அப்பம் அங்கனயே போடு. தோளால, முன்பக்கமா. ரூல்ஸத் தாண்டாத."

"பாவம் மாஸ்டர். திங்கக்கெழம அவளுக்கும் டெஸ்ட்டு இருக்கு."

"ஒனக்கும்தான இருக்கு? கப்பு ஜெயிச்சா பத்து மார்க்கு கூடப் போடுவான். பாவம் பாக்குதவ வீட்ல இருந்துட்டு டிவில பாக்கணும்."

பியூலாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த எலும்பு எப்படி வலிக்கும் என்று இசக்கிக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். தெரிந்ததால்தான் இம்மி பிசகாமல் இடிக்கவும் முடிந்தது. தோளால், முன்பக்கமாக, இடது விலாவில். இசக்கி சத்தம் போடாமல் மடங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

பழக்கத்தில் பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பது விநாடி போனது. ஒன்றும் வரவில்லை. விதிப்படி இடித்தால் உடை எதையும் திருப்பித் தராது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அடுத்த சுற்றுக்குப் போனாள்.

அந்தச் சுற்றில் மதுரம் அவளுடைய இடது விலாவில் இடித்தாள். தற்செயல் என்று பியூலா நினைத்தாள். அதற்கடுத்த சுற்றில் இன்னொருத்தி அதே இடத்தில் இடித்தாள். பிறகு மறுபடியும் மதுரம். எல்லாமே தோளால், முன்பக்கமாக, விதிப்படி. நான்காவது இடியில் ஏதோ முறிந்த சத்தம் பியூலாவுக்கே கேட்டது.

முதலுதவி அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் இசக்கி, தாதியைத் தொடவே விடாமல் சுருண்டு படுத்திருந்தாள். மற்றதில் பியூலாவைக் கிடத்தினார்கள். தாதி விலாவை அழுத்திப் பார்த்து, எலும்பு முறிந்துவிட்டது, இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு வண்டியை அழைக்கப் போனாள். பியூலாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அதுவும் வலித்தது.

"ஒங்க ஆளுவ எதுக்குட்டி என் வெலாவுலயே வந்து விழுதாளுவ?"

இசக்கி மெதுவாகத் திரும்பினாள். "ஒனக்கு ஏற்கெனவே இடது வெலா போயிருக்குன்னு மதுரக்கா சொன்னாவ. மொத சுத்துலயே விசாரிச்சுட்டாவளாம்."

"எனக்கு ஒண்ணுமே இல்லியே. காலைல அம்பது தண்டால் எடுத்துட்டுதான..."

பியூலா பாதியில் நிறுத்தினாள். மதுரம் முதுகில் தள்ளியது, இசக்கியின் வலி தன் உடம்பில் ஓடிக்கொண்டிருந்த அந்த முப்பது விநாடிக்குள். உடைக்குச் சொந்த வலி, இரவல் வலி என்ற பேதமும் தெரியாது.

"அது ஒன் வலிட்டி," என்றாள். "ஒன்ட்டருந்து எனக்கு வந்தது. எங்கிட்டருந்து அவளுக்குப் போயிருக்கு."

இசக்கி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மதுரக்காட்ட சொல்லிராத. டெஸ்ட்டு முடியட்டும்."

கதவு திறந்தது. கையில் வெற்றிக் கோப்பையோடு மதுரம் நின்றாள். அந்த விலாவின் ஒவ்வொரு குத்தலையும் முப்பது விநாடி தன் உடம்பில் சுமந்தவள், நேராக இசக்கியிடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, லேசா ஒரு இடிதான பட்டுச்சு? அதுக்குப் போயி இப்படிக் கெடக்க. ஒனக்கு என்னதான் செய்யுது?"

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் இசக்கி, பாதி மூச்சில். "மூச்சுப் புடிச்சிருக்கு."