பெரியம்மா கை தூக்கிய நாள்

நெல்லித்தோப்பில் கவிநிலா இருக்கும் தெருவில் யாரும் கிரிக்கெட் ஆடுவதில்லை. அங்கே எப்போதும் ஹாக்கிதான். எல்லாம் மாடி வீட்டில் இருக்கும் ஆதிலட்சுமி பெரியம்மாவின் வேலை. இப்போது மின்துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர், ஒரு காலத்தில் விடியல் ஹாக்கி கிளப்புக்காகக் கோல் கோலாகப் போட்டவர்.

தெரு ஆட்டத்துக்குப் பெரியம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஹாக்கியில் கோல்கீப்பரைத் தவிர வேறு யார் காலிலும் பந்து படக்கூடாது. அப்படிப் பட்டுவிட்டால், பட்டவரே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். யாரும் பார்த்திருக்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆகாஷ் கையைத் தூக்கவில்லை.

கவிநிலா இரண்டு செங்கற்களுக்கு நடுவே கோல்கீப்பராக நின்றிருந்தாள். பந்து வலப்பக்கம் வந்தது. அவளும் வலப்பக்கம் பாய்ந்தாள். நடுவில் இருந்த எதிரணி ஆகாஷின் ஷூவில் பட்டு, பந்து இடப்பக்கம் திரும்பி உள்ளே போய்விட்டது.

"ஆகாஷ்! உன் காலுல பட்டுச்சு!"

"படலயே! நீதான் உட்டுட்ட!"

"என்னா கவி, இவ்ளோ ஈஸி பந்த உட்டுட்டியே?" என்றாள் அவள் அணியிலேயே இருந்த சங்கவி. அதுதான் கவிநிலாவுக்கு ரொம்ப வலித்தது.

காலில் கட்டிய பேடைக்கூடக் கழற்றாமல், தடதடவென்று மாடிக்குப் போனாள். பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கவிநிலா மூச்சு விடாமல் சொன்னாள்.

வேறு நாளாக இருந்தால், பெரியம்மா மாடியில் நின்றபடியே ஆகாஷை ஒரு பிடி பிடித்திருப்பார். இன்று கீரையில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவின் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. பேசியவர் கிளப்பின் பழைய கேப்டன் மேனகா.

"ஆதி, ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு பழைய ஆளுங்க எல்லாம் கிரவுண்டுக்கு வர்றோம். வீராம்பட்டினம் கடலலை கிளப்பும் வருது. அவங்க கோல்கீப்பர் பாக்கியலட்சுமி, அதான் நம்ம பாக்கியம், அவளும் வர்றா. இந்த வருஷமாவது வந்து சேரு!"

பெரியம்மா போனை எடுத்து, 'எனக்கு மூட்டு வலி' என்று தட்டத் தொடங்கினார்.

கவிநிலா எட்டிப் பார்த்துவிட்டாள். "உனக்கா மூட்டு வலி? காலையிலகூட ரெண்டு ரெண்டு படியா தாண்டி ஏறுன!"

"அது வேற மூட்டு."

கவிநிலாவுக்குச் சந்தேகம் வந்தது. கிளப் கதை என்றால் பெரியம்மாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பதினான்கு பேருக்கு ஆறே ஆறு மட்டையை வைத்துக்கொண்டு ஆடிய கதை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ராஜாங்கம் சார், விடியற்காலையில் "அலே! அலே!" (ஓடு! ஓடு!) என்று பிரெஞ்சிலேயே விரட்டிப் பயிற்சி கொடுத்த கதை. இடைவேளையில் உப்புப் போட்ட எலுமிச்சம்பழம் கொண்டுவர வேண்டிய மேனகா, இருட்டில் தெரியாமல் நார்த்தங்காயை எடுத்துவந்து, எல்லாருக்கும் வாய் கசந்து தோற்றுப்போன கதை. ஒரு கதையை மட்டும் பெரியம்மா இதுவரை சொன்னதே இல்லை.

"எம்பத்தேழுல பொங்கல் கோப்பைய ஜெயிச்ச கோலைப் போட்டது நீதானாமே. அம்மா சொன்னாங்க. அந்தக் கதைய மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குற?"

பெரியம்மா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது கோலே இல்லடி, கவி."

கவிநிலா வாயைப் பிளந்தாள்.

"ரெண்டு நிமிஷந்தான் பாக்கி. பந்து வந்துச்சு. நான் மட்டைய வீசுனேன், படல. என் வலது காலுல பட்டுத் திரும்பி உள்ள போயிடுச்சு. ஒரே கூட்டம். நடுவர் பாக்கல, யாருமே பாக்கல. நான் கையத் தூக்கத்தான் போனேன். தோள் வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள எல்லாரும் ஓடியாந்து கட்டிப் புடிச்சுட்டாளுங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். மறுநாளு ராஜாங்கம் சாரு எல்லாருக்கும் பன்னு வாங்கித் தந்தாரு. பன்னைத் தின்னுட்டு எப்படிச் சொல்றது? அப்படியே தள்ளித் தள்ளி முப்பத்தெட்டு வருஷம் ஆயிடுச்சு. அன்னைக்குக் கோல்ல நின்னது பாக்கியம். அவங்க கிளப் பேடு கிழிஞ்சு போயி, எங்க கிளப் பேடைத்தான் இரவல் வாங்கியிருந்தாங்க. காலையில அவளுக்கு அதைக் கட்டிவிட்டதே நான்தான்."

கவிநிலாவுக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. நெல்லித்தோப்பு மார்க்கெட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் பெரியம்மா மீன் வாங்க மட்டும் ஸ்கூட்டரில் பெரிய மார்க்கெட் வரை போவார்.

"அவங்க இங்க நம்ம மார்க்கெட்லதான் மீன் விக்குறாங்களா?"

பெரியம்மா தலையை ஆட்டினார். "என் மேல எவ்ளோ கோவமா இருப்பாளோ. அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பந்து உன் காலுல பட்டது அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நான்தான் யாருகிட்டயும் சொல்லலியே."

கவிநிலா தன் பேடின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே யோசித்தாள். அவளும் கோல்கீப்பர் ஆயிற்றே.

"அப்படின்னா அவங்க உன் மேல கோவமா இல்ல, பெரியம்மா. அவங்க மேலயேதான் கோவமா இருப்பாங்க."

"என்னாடி சொல்ற?"

"ஆகாஷ் படலன்னு சொன்னான். சங்கவியும் திட்டுனா. இப்ப எனக்கே, நான்தான் உட்டுட்டேனோன்னு இருக்கு. இந்தக் கொஞ்ச நேரத்துக்கே எனக்கு இப்படி இருக்கே. அவங்க முப்பத்தெட்டு வருஷமா இப்படித்தானே நெனச்சிட்டிருப்பாங்க?"

பெரியம்மா போனை எடுத்து, மூட்டு வலியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். சிலர் டிராக் பேன்ட் போட்டிருந்தார்கள். ஒருவர் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். கடைசியாக, மீன் கூடையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, உயரமான ஓர் அம்மா வேகமாக வந்தார்.

"ஓட்டவலை வந்துட்டாப்பா!" என்று யாரோ பாக்கியத்தின் பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பை நிறுத்தியவர் அவர்தான். கவிநிலா அதைக் கவனித்தாள்.

பெரியம்மா மூன்றாவது முறையாகத் தண்ணீர் குடித்தார். "கவி, ஸ்கூட்டர் சாவி எங்கடி?"

"எங்கிட்ட இருக்கு."

"குடு."

"அப்புறமா தரேன்."

பெரியம்மா அவளை முறைத்தார். கவிநிலா சாவியை, அன்றும் காலில் கட்டி வந்திருந்த பேடுக்குள் செருகிக்கொண்டாள். இனி வேறு வழியில்லை என்று ஆனதும், பெரியம்மா இரண்டடி முன்னால் வந்து வலக்கையை உயரத் தூக்கினார்.

மேனகா பார்த்துவிட்டு, "என்னா ஆதி, பாத்ரூமா? அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

"பாத்ரூம் இல்ல. காலு."

"காலுக்கு என்னா?"

"எம்பத்தேழு பைனல். பந்து என் காலுலதான் பட்டு உள்ள போச்சு. அது கோலே இல்ல. நான் சொல்லாம உட்டுட்டேன்." தூக்கிய கையைப் பெரியம்மா கீழே இறக்கவில்லை.

பாக்கியம் மெதுவாக நடந்து பெரியம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"எந்தக் காலு?"

"வலது."

"பட்டதும் எடது பக்கம் திரும்பிச்சா?"

"ஆமா."

பாக்கியம் இடுப்பில் கை வைத்தார். பெரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அடுத்து வந்த சத்தத்தில் மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தன.

"நான்தான் சொன்னேனே! பந்து திரும்பிச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே! எவளாவது நம்புனீங்களாடி?"

உடனே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "ஏங்க, அந்தக் கோலு என் தப்பு இல்லியாம்! எந்தக் கோலா? நான் ரசச் சட்டிய கீழ போட்டாகூட சொல்லிக் காட்டுவீங்களே, அந்தக் கோலு! ஊரு பூரா சொல்லுங்க, இனிமே எவனும் என்னை ஓட்டவலைன்னு கூப்புடக் கூடாது!"

போனை வைத்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஏன் ஆதி, இதைச் சொல்றதுக்கா முப்பத்தெட்டு வருஷம்?"

"பயமா இருந்துச்சு, பாக்கியம்."

"அதனாலதான் எங்கிட்ட மீனு வாங்காம ஓடுனியா? நான் என் மீனு நல்லா இல்லியோன்னு நெனச்சேன்!"

பெரியம்மா சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். இத்தனை வருடமாக இறக்கி வைக்க முடியாத சுமையை இறக்கியதில் அவருக்குக் கை கால் எல்லாம் லேசாகிவிட்டது.

"அப்போ அந்தக் கோப்பைய என்னா பண்றது?" என்று மேனகா தயங்கியபடி கேட்டார். "நான் அதுல பேனா போட்டு வெச்சிருக்கேன்."

"பேனா அதுலயே இருக்கட்டும்," என்றார் பாக்கியம். "ஆனா எனக்கு அந்த ரெண்டு நிமிஷம் வேணும். இப்பவே ஆடணும்!"

கவிநிலா தன் பேடைக் கழற்றிக் கொடுத்தாள். சாவி கீழே விழுந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. பெரியம்மா மண்டி போட்டு உட்கார்ந்து பாக்கியத்துக்குப் பேடைக் கட்டிவிட்டார். கவிநிலாவுக்கு முட்டி வரை இருந்த பேடு, பாக்கியத்துக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது.

இரண்டு நிமிடம் ஆடினார்கள். ஓடியதைவிட மூச்சு வாங்கி நின்றதுதான் அதிகம். கடைசியில் பந்து பெரியம்மாவிடம் வந்தது. இந்த முறை மட்டையில் சரியாகப் பட்டு, வேகமாகக் கோலை நோக்கிப் பாய்ந்தது. பாக்கியம் காலை நீட்டினார். பந்து 'டொப்' என்று பேடில் மோதி வெளியே போனது. யாரும் கோல் போடவில்லை. ஆனாலும் இரண்டு கிளப்புக்காரர்களும் கோப்பையை ஜெயித்ததுபோல் குதித்தார்கள்.

அன்று சாயங்காலம் தெருவில் ஆகாஷ் பந்தைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "கவி, இன்னும் எம் மேல கோவமா?"

"இல்லடா. உனக்கு இன்னும் நெறைய டைம் இருக்கு. முப்பத்தெட்டு வருஷம்."

"எதுக்கு?"

கவிநிலா காலையில் நடந்ததை எல்லாம் சொன்னாள். ஆகாஷ் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். நிமிர்ந்தபோது அவன் கை தோள் வரைக்கும் வந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு முழுதாக மேலே போனது.

"பட்டுச்சு," என்றான். பக்கத்தில் நின்ற சங்கவி, "ஐயோ, சாரி கவி!" என்றாள்.

"அலே! அலே! ஆட்டத்தை ஆரம்பிங்க!" என்று மாடியிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்.

கவிநிலா செங்கற்களுக்கு நடுவே போய் நின்றாள். மாடியிலிருந்து மீன் வறுக்கும் வாசனை தெருவெல்லாம் வந்தது. அது நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் வாங்கிய மீன்.