மரமாடத்தில் மறைந்திருந்த பெயர்

பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது!

“திரும்பிப் போவமடி, கஜா,” என்றாள் துளசிகா.

“திங்கக்கிழமை கோயிலிலை ஆக்கள் இருக்கிற வாங்கு எல்லாத்தையும் கழட்டி வித்துப்போடுவாங்கள். பிறகு எங்கை தேடுறது?” கஜந்தினி கால் சப்பாத்துகளைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

இருவரும் லண்டனில் வளர்ந்த அக்கா தங்கை. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய தேவாலயம் ஒன்றின் அடக்கப் பதிவேட்டில் கஜந்தினி ஒரு வரியைக் கண்டிருந்தாள்: ‘மேரி, மலபார் வேலைக்காரி, 1789.’ அக்காலத்து வெள்ளையர் தமிழரை மலபார் என்றே அழைத்தார்கள்.

அவளைப் பற்றி விசாரித்தபோது, ‘அவளுடையது என்று எதுவும் மிஞ்சவில்லை’ என எழுதியிருந்தார் தேவாலயப் பொறுப்பாளர் ஹார்டிங். அந்தக் கடிதம்தான் கஜந்தினியைக் கிளப்பியது.

இடுப்பளவு நீர் இழுத்தது. கைகோத்து, தேவாலயம் இருந்த அக்கரையில் ஏறினார்கள்.

உள்ளே வெள்ளைச் சுவர்கள். சிறு கதவு வைத்த பெட்டி இருக்கைகள்.

“இவை சீமான்களுக்கு,” என்றார் கதவைத் திறந்துவிட்ட ஹார்டிங்.

“வேலைக்காரர்கள்?” என்றாள் கஜந்தினி.

“மேலே, மரமாடத்தில். ஏறாதே! படிகள் உக்கிவிட்டன!”

கஜந்தினி அதற்குள் நான்காம் படியில் நின்றாள்!

“இறங்கு!”

“உண்மையிலேயே எதுவும் இல்லையா என்று பார்த்துவிட்டு இறங்குகிறேன்!”

ஒன்பதாம் படி மடாரென முறிந்தது! கால் அந்தரத்தில் தொங்கியது. பின்னால் ஏறிய துளசிகா அவள் இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினாள்.

“கவனமடி, விசரி!”

மாடத்தின் கடைசி வாங்கில், உட்காரும் பலகையின் அடிப்பக்கத்தைக் கஜந்தினி விரலால் தடவினாள். கீறல்கள்! கைவிளக்கை அடித்தாள்.

“என பேர அனனமுதது… இதென்னடி?” என்றாள் குனிந்து வாசித்த துளசிகா.

“அந்தக் காலத்திலை எழுத்துக்கு மேலை குத்துப் போடமாட்டினம். குத்தைப் போட்டு வாசி!”

“என் பேர்… அன்னமுத்து!” துளசிகாவின் குரல் கோயில் முழுக்க அதிர்ந்தது.

ஹார்டிங் ஏணியைச் சாத்தி ஏறிவந்தார். எழுத்துகளை நெடுநேரம் பார்த்தார்.

“மேரியுடையது எதுவும் இல்லையென்று நான் தவறாக எழுதிவிட்டேன்,” என்றார். “இந்த இருக்கை விற்பனைக்குப் போகாது. பதிவேட்டின் பக்கத்தில் வைப்பேன். பெயரை எப்படிச் சொல்வது? அனா… முட்டு?”

“இல்லை. இன்னொரு தரம்.”

ஐந்தாம் தரம் சரியாகச் சொன்னார். அதன் பிறகுதான் இருவரும் ஏணியில் இறங்கினார்கள். எதுவும் இல்லை என்று யார் சொன்னாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களுக்கு அன்று உறுதியாயிற்று. ஈர உடையோடு, தலை நிமிர்ந்து, மறுபடி ஆற்றில் கால் வைத்தார்கள்.