மேலிருந்து இழுத்தது

கயிறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பனிச்சுவரின் அடியில் தன்னைப் பாறையோடு கட்டிக்கொண்டு நின்ற தங்கை, கையுறைக்குள் அது வழுக்கி மேலேறுவதை உணர்ந்தாள். அண்ணன் இப்படி ஏறுபவன் அல்ல; சில அடிக்கு ஒருமுறை நின்று, பனியில் திருகாணி முறுக்கி, கயிற்றை அதில் மாட்டிவிட்டுத்தான் நகர்வான். அவன் நின்றால் கயிறும் நிற்கும். இறங்கும் வழியைக் காலையில் பாறைச்சரிவு மூடிவிட்டதால், இந்தச் சுவரைத் தாண்டினால்தான் அந்தப் பக்கம் தங்குமிடம், அடுப்பு, போர்வை எல்லாம். அவசரப்படுகிறான் போலும் என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகப்படக்கூடத் தெம்பு வேண்டுமே.

மூடுபனி அவனை எப்போதோ விழுங்கியிருந்தது. கோடரி கொத்தும் சத்தம் இல்லை. தலைக்கவசத்தில் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்த பனித்துகளும் இல்லை. ஈர இரும்பின் வாடையும் தன் மூச்சின் இரைச்சலும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

“அண்ணா, கொஞ்சம் நின்னு போயேன்.”

கயிறு மூன்று முறை சுண்டியது. ஏறி வா என்று அர்த்தம். பிறகு குரல், அவனுடைய குரலேதான்:

“வா பாப்பா. ரொம்பக் களைச்சுப் போயிட்ட. நான் இழுத்துக்கறேன்.”

விழுந்தால் பிடிக்கத்தான் கயிறு, ஏற இல்லை என்று ஆயிரம் முறை சொன்னவன் அவன். ஆனால் கெண்டைக்கால்கள் வெடவெடத்தன. பாறையோடு கட்டியிருந்ததை அவிழ்த்து ஏறத் தொடங்கியதுமே கயிறு அவளை, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கியது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. திருகாணிகளிலிருந்து கயிற்றைக் கழற்றிவிடுவது மட்டுமே அவள் வேலை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. இழுக்கிறவனுக்கு மூச்சு வாங்கவில்லை.

கடைசித் திருகாணியில் யாரோ தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன்.

உயிரோடுதான் இருந்தான். சுவரோடு ஒட்டி, இடுப்புவாரைத் திருகாணியில் மாட்டியிருந்தான். இடுப்பில் கயிறு இல்லை. அவளைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தான்.

“சத்தம் போடாத,” என்றான், காற்றைவிட மெல்ல. “மேல யாரோ இழுத்தாங்க. நான் அவுத்துவிட்டுட்டேன்.”

“அப்ப என்னை ஏன் கூப்பிட்ட?”

“நான் கூப்பிடல. உன்னைத் தடுக்கத்தான் கத்தினேன், கீழ உனக்குக் கேக்கல போல. கத்தக் கத்த அது என் குரலைக் கத்துக்கிச்சு.”

அவள் தன் இடுப்பில் இருந்த கயிற்று முடிச்சைப் பிடித்தாள். அவள் எடையே அதைக் கல்லாக இறுக்கியிருந்தது.

“கத்தி?”

“கீழ விழுந்துடுச்சு.”

கயிறு நின்றது. மேலே, மூடுபனிக்குள், அண்ணனின் குரல் கனிவாகக் கேட்டது:

“யார்கிட்ட பாப்பா பேசிட்டிருக்க?”



கயிறு நகர்ந்தது. அண்ணன் அவள் காலணியை இரு கைகளாலும் கட்டிக்கொண்டான். திருகாணி முனகியது. பனியில் விரிசல் ஓடியது. அவனும் சேர்ந்து பிய்ந்துவிடுவான். அவள் காலை உதறினாள்.

திருகாணியிலேயே தொங்கிய அவன் முகம் கீழே சிறுத்துக்கொண்டே போனது. காலணியின் இரும்புப் பல்லில் சிக்கிய அவனுடைய கையுறை, வெறுமையாக, அவளோடு ஆடி ஆடி மேலேறியது.

அவன் கூப்பிடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

மேலே இப்போது இரண்டு குரல்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று அவளுடையது.