குதிரைக்குப் பின்னால் அப்பா

துரையின் குதிரையில் ஏறி உட்கார்ந்ததும் கணக்கப்பிள்ளையின் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது.

"வீரையா! கிளம்பு. மத்தியானத்துக்குள்ள கண்டியில நிக்கணும்."

அங்கம்மா ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது கண்டிக்கு ரயில் வராத காலம். கெலிஓயாவுக்கு மேலே மலை முழுவதும் காப்பித் தோட்டம். துரைமார் குதிரையில் போவார்கள். குதிரைக்காரர் பின்னாலேயே ஓட வேண்டும். அங்கம்மாவின் அப்பா வீரையாதான் அந்தத் தோட்டத்தின் குதிரைக்காரர். குதிரைக்கு நாலு கால், அப்பாவுக்கு இரண்டு. கணக்கப்பிள்ளை இதை மட்டும் கணக்குப் பார்த்ததே இல்லை.

அப்பா குளிர் காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்திருந்தார். அதே காய்ச்சலிலிருந்து எழுந்த பக்கத்து வீட்டு இருளப்பன் மாமா, மறுநாளே காப்பி மூட்டையோடு ஓடினார். அன்றைக்கே திரும்பப் படுத்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அதனால் அங்கம்மா அப்பாவை அவசரப்பட விடவில்லை. மாலையில் காப்பிக் களத்தைச் சுற்றி இருவரும் நடப்பார்கள். பிறகு கொஞ்சம் மெல்லோட்டம். ஓடும்போது அவள் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். அப்பா முழுசாகப் பதில் சொன்னால் ஓட்டம் தொடரும். வெறும் "ம்" என்றால் உடனே நடை.

இன்றைக்கோ, கண்டியில் இருந்த துரை, குதிரையைக் கொண்டுவந்து தரும்படி கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். கொண்டுவரத்தான் சொன்னார், ஏறி வரச் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை புதுக் கோட்டும் காலில் புதுச் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

"ஐயா, அப்பாவுக்கு இன்னும் உடம்பு தேறல. மெதுவாப் போவமா?" என்று கேட்டாள் அங்கம்மா.

"மெதுவாப் போறதுக்குக் குதிரை எதுக்கு? எருமை போதாதா? ஓட முடியலன்னா சொல்லு, வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

"ஓடுறேனுங்க," என்றார் அப்பா அவசரமாக.

"நானும் வர்றேன்," என்று அங்கம்மா பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

குதிரை பாய்ந்தது. செம்மண் புழுதி எழும்பியது.

"அப்பா, ஆட்டுக்குட்டிக்கு என்ன பேர் வைக்கலாம்?"

"சீ... சீனி."

"கறுப்புக் குட்டிக்கா சீனி?"

"ம்."

அங்கம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் உதடு வெளுத்திருந்தது. கால் பின்னியது. நில்லுங்கள் என்றால் கணக்கப்பிள்ளை நிற்கமாட்டார். வேறு எதற்கு நிற்பார்?

அவரைப் பார்த்தாள். ஒரு கை கடிவாளத்தில், மறு கை கோட்டுப் பொத்தானில். வழியில் போகிறவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கம்மா தொண்டை கிழியக் கத்தினாள். "ஐயா! உங்க கோட்டு யாருக்கும் தெரியல!"

குதிரை சடக்கென்று நின்றது.

"என்ன சொன்ன?"

"புழுதிதான் தெரியுதுங்க. ஒரு பெரிய மனுசர் வர்றாருன்னு சனங்க எழும்புறதுக்குள்ள நீங்க போயிடுறீங்க. பாவம், சலாம் போடத் தூக்கின கை அப்படியே நிக்குது."

கணக்கப்பிள்ளை யோசித்தார். ஒரு சலாம் வீணாவதை அவரால் தாங்க முடியவில்லை.

"நான் முன்னால போய்ச் சொல்லவாங்க?"

"சொல்லு. சத்தமாச் சொல்லு."

"பராக்! பராக்! கணக்கப்பிள்ளை ஐயா வர்றாங்க!"

கெலிஓயாக் கடைத்தெருவில் குதிரை கல்யாண மாப்பிள்ளைபோல நடந்தது. ஒரு கடைக்காரர் எழுந்து சலாம் வைத்தார். துரையின் குதிரை அவருக்குத் தெரியும். அப்பா பின்னால் மெல்ல நடந்து மூச்சைத் தேற்றிக்கொண்டார்.

கடைகள் முடிந்ததும், "போதும், ஓடு!" என்றார் கணக்கப்பிள்ளை.

"மெதுவா ஓடுவோங்க. அடுத்த வளைவுல காப்பி வண்டிக்காரங்க நிப்பாங்க," என்றாள் அங்கம்மா.

கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. வண்டிக்காரர்களும் கும்பிட்டார்கள். ஆனால் பேராதனைக்கு முன்னால் வெறும் காடு. கணக்கப்பிள்ளை குதிரையை விரட்டினார்.

"அப்பா, கால் வலிக்குதா?"

"ம்."

அங்கம்மா பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள்.

"ஐயா! அந்த மரத்துல இருந்து எத்தனை பேர் எட்டிப் பாக்கிறாங்க பாருங்க!"

கணக்கப்பிள்ளை கடிவாளத்தை இழுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, கையை உயர்த்திப் பதில் சலாம் போட்டார். மரத்திலிருந்த குரங்குகள் பல்லை இளித்தன. அவர் கையை இறக்கித் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் அப்பாவின் உதட்டில் நிறம் வந்துவிட்டது.

கண்டி ஏரி தெரிந்ததும் கணக்கப்பிள்ளை குதித்து இறங்கிக் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். பங்களா வாசலில் துரை குதிரையின் முதுகைத் தடவினார்.

"வேர்க்கவே இல்லையே! யாரும் ஏறி வரலையா?"

"ஐயோ, இல்லீங்க துரை! முழு வழியும் நடத்தியே கூட்டிட்டு வந்தேனுங்க."

"கெட்டிக்காரர்! உங்களைத் திருப்பி அனுப்ப ஒரு மாட்டு வண்டி வச்சிருந்தேன். நல்லா நடக்கிறவருக்கு வண்டி எதுக்கு? குதிரைக்காரரும் பிள்ளையும் அதுல போகட்டும்."

அங்கம்மா அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளுமையாக இருந்தது. அவர் வண்டியில் வைக்கோல் மேல் சாய்ந்துகொண்டார்.

கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி வந்தார்.

"ஏய் புள்ள! வண்டியை நிறுத்தச் சொல்லு!"

அப்பா உடனே எழுந்து ஒதுங்கி இடம் விட்டார்.

"அவசரப்படாம வாங்கய்யா," என்றாள் அங்கம்மா. "ஓட்டமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகணும்."