நான்காவது செவிமணி

முடிவு சொல்ல இன்னும் பதினொரு மணி நேரம் இருந்தது. ஒப்புமானி ஐந்து விநாடியில் சொல்லிவிட்டது.

புன்னைத்தீவுத் திட்டு, தூத்துக்குடி. அதன் கீழே பொடி எழுத்தில்: ஆழம் நான்கு மீட்டர். பவளம் இல்லை. நீர்த்தெளிவு குறைவு.

சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த மூன்று பேரும் அதைப் படித்தார்கள். கெவின்தான் முதலில் வாயைத் திறந்தான். பதினான்கு வயதில் அவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்.

"நாலு மீட்டருக்கு எதுக்கு ஸ்கூபா? அக்கா நிமிந்து நின்னா தலை வெளிய தெரியும்."

"உன் தலைய நான் உள்ள அமுக்கிப் பிடிச்சுக்கிறேன், கவலைப்படாத," என்றாள் ஷெரின். காதுக்குப் பின்னாலிருந்த செவிமணியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி ஒட்டிக்கொண்டாள். "அம்மா, இன்னொரு தடவை பாப்போமா? வேர்வையில தப்பா எடுத்திருக்கும்."

"பாரு," என்றாள் ஜோவிதா.

பவளக் கடல்களைப் பூட்டி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெந்து வெளுத்துப்போன பவளங்கள் மனிதத் தொந்தரவு இல்லாமல் மீண்டு வளரட்டும் என்று உலக நாடுகள் சேர்ந்து எடுத்த முடிவு. இப்போது குலுக்கலில் பெயர் விழுந்த குடும்பங்கள் மட்டும் இறங்கலாம். ஒரு குடும்பத்துக்கு வாழ்நாளில் ஒரே முறை. இந்த முறை இவர்கள் பெயர் விழுந்து, நாற்பது இடங்களின் படங்களோடு பட்டியல் வந்திருந்தது. மாலை ஆறு மணிக்குள் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். அந்தமான் படத்தில் மான்கொம்புப் பவளம் நீலமும் மஞ்சளுமாகக் கிளைத்திருந்தது. பட்டியலின் கடைசியில், வேறு யாரும் கேட்காத இடங்களோடு, புன்னைத்தீவு இருந்தது. அதன் படத்தில் பச்சை நிறம் மட்டும்தான்.

ஷெரின் படங்களை மறுபடி ஓடவிட்டாள். மூவரும் பார்த்தார்கள். தோசைக்கல் அளவிலிருந்த ஒப்புமானியின் விளிம்பில் வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

புன்னைத்தீவுத் திட்டு.

மூன்றாவது முறையும் அதுதான்.

ஒப்புமானி யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஒரு படத்தைப் பார்க்கையில் நாடி எப்படி மாறுகிறது, தோலில் எவ்வளவு ஈரம் சுரக்கிறது, கழுத்துத் தசை எந்தப் பக்கம் மயிரிழை சாய்கிறது என்று செவிமணி எடுத்துக் கொடுக்கும். மனசு முடிவு செய்வதற்கு முன்பே உடம்பு சாய்ந்துவிடுகிறது. எல்லோருடைய சாய்வையும் கூட்டி, வீட்டுக்குப் பொதுவான ஒரு பதிலை ஒப்புமானி சொல்லும். எது யாருடைய ஆசை என்பதை மட்டும் சொல்லாது. அது வந்த பிறகு வீடுகளில் சண்டை போனது. கல்யாணப் பட்டு எடுக்க விடிந்து போய் இருட்டித் திரும்பிய குடும்பங்கள், பன்னிரண்டு நிமிடத்தில் பையோடு வெளியே வந்தன. பெண் பார்க்கப் போகிறவர்கள் பழத்தட்டுக்குப் பக்கத்தில் தங்கள் ஒப்புமானியையும் வைத்தார்கள். 'உனக்கு என்ன வேணும்' என்று ஒருவரை ஒருவர் கேட்பது மெல்ல நின்றுபோய், இப்போது கேட்டால் ஏதோ வேவு பார்ப்பதுபோல் இருந்தது.

பதிலைக் கையால் மாற்றவும் முடியும். ஆனால் மாற்றியவர் பெயர் முகப்பில் ஒரு நாள் முழுக்க நிற்கும். பந்தியில் பாதியில் எழுந்து போவது மாதிரி அது. ஜோவிதா அறிந்த எந்த வீட்டிலும் யாரும் மாற்றியதில்லை.

"சரி, அங்கயே போவோம்," என்றாள் ஷெரின், படத்தை அணைத்துவிட்டு. குரலில் ஒன்றுமில்லை. ஆகஸ்டில் அவள் குவாஹாட்டிக்கு வேலைக்குப் போகிறாள். மூவரும் சேர்ந்து போகும் பயணம் இனி எப்போதோ.

"அந்தமான் நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள் ஜோவிதா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"ம். நல்லாத்தான் இருந்துச்சு."

"சூப்பரா இருந்துச்சு," என்றான் கெவின். அக்காவைப் பார்த்துவிட்டு, "பரவால்ல," என்று சேர்த்துக்கொண்டான்.

ஜோவிதா தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் அவரவர் அறைக்குப் போனதும் மேசை விரிப்புகள் வைக்கும் இழுப்பறையைத் திறந்தாள். அடி விரிப்புக்கும் கீழே நான்காவது செவிமணி இருந்தது. அவள் கணவன் எட்வினுடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கோவில்பட்டி பஸ் நிலையத்தில், பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று அவளிடம் போனில் சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த ஏழாம் நாள் ஒப்புமானி கேட்டது: ஒருவருடைய நாடி வரவில்லை. அவருடைய பழைய விருப்பங்களை வைத்துத் தொடரவா? அதற்கும் கீழே நிறைய எழுதியிருந்தது. கண்ணில் நீரோடு அவள் எதையும் படிக்கவில்லை. 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அவன் இருந்தான். சனிக்கிழமை என்ன சமைப்பது என்று கேட்டால் சாளை மீன் குழம்பு என்று வந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு ஃபேன் தானாக நின்றது. எட்வினுக்கு அந்த நேரத்தில் காற்று ஆகாது. போன வருடம் புது நாற்காலிகள் வாங்கப் போனபோது சாய்மானம் நேரான, பார்க்க அசிங்கமான நான்கை அது தேர்ந்தெடுத்தது. முதுகு வலிக்காரன் எடுக்கும் நாற்காலி. கடையில் நின்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து வந்ததும் செவிமணிக்குச் சார்ஜ் போட்டாள். ஒரு தடவைகூட அது குறைந்து அவள் பார்த்ததில்லை. நல்ல பொருள் என்று நினைத்துக்கொண்டாள்.

புன்னைத்தீவை வேறு யார் கேட்பார்கள்.

அங்கே நால்வரும் ஒரே ஒரு முறை போயிருக்கிறார்கள். ஒப்புமானி பழுது பார்க்கப் போயிருந்த வாரம் அது. லீவுக்கு எங்கே போவது என்று இரண்டு நாள் சண்டை. அவளுக்குக் கொடைக்கானல். பதினோரு வயது ஷெரினுக்குச் சென்னை. கெவினுக்கு ஐந்து வயது. எங்கே போனாலும் சரி, ரயிலில் போக வேண்டும். எட்வின் தான் பள்ளிக்கூடம் படிக்கையில் கிரிக்கெட் ஆடிய தீவுக்குப் போக வேண்டும் என்றான். பந்து கடலில் விழுந்தால் ஆறு ரன், ஆனால் அடித்தவனே நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். "தீவு முங்கிட்டே வருது ஜோவி, இப்பப் போகலன்னா எப்பவும் இல்ல," என்றான். அவள், "முங்குற இடத்துக்குப் போறதுக்கு எனக்கென்ன வேண்டுதலா?" என்று கேட்டாள். ஷெரின் கதவை அறைந்தாள். எட்வின் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து ஜெயித்தான்.

படகுக்காரர் இறக்கிவிட்டபோது தீவு இல்லை. நீர் வற்றும் நேரமாதலால் கணுக்கால் தண்ணீருக்கடியில் மணல் மட்டும் இருந்தது. நாலு பக்கமும் கடல். நடுவில் நாலு பேர் சும்மா நின்றார்கள். உட்கார இடமில்லை. டிபன் கேரியரை எட்வின் தலையில் வைத்துப் பிடித்துக்கொள்ள, நின்றபடியே எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார்கள். பெயின்ட் வாளியின் அடியை வெட்டி, அவள் கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வட்டத்தை ஒட்டி, கடலுக்குள் பார்க்க ஒரு கருவி செய்து வைத்திருந்தான். வரிசையில் நின்று பார்த்தார்கள். மணல், ஒரு நண்டு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

"இவ்வளவுதானாப்பா? போர்," என்றாள் ஷெரின்.

"மேல இருந்து பாத்தா அப்படித்தான். அடுத்த தடவை உள்ள எறங்கிப் பாப்போம். என் பந்து அஞ்சாறு இங்கதான் கெடக்கு."

நீர் ஏறியது. கெவினுக்கு முழங்கால் வரை வந்ததும் எட்வின் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். படகு வரும்வரை நால்வரும் நெருங்கி நின்றார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு வந்தார்கள். அடுத்தடுத்த புயல்களில் அந்த மணலும் அரித்துப்போய், திட்டு நாலு மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஒப்புமானி நல்ல நல்ல இடங்களாகத்தான் சொன்னது. ஊட்டி, மூணாறு, கூர்க். ஒன்றுகூட அவளுக்கு நினைவில் தங்கவில்லை.

செவிமணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். உயிரோடிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே கடல். அதை இவன் தன் பக்கம் இழுக்கிறான். அவனை நீக்கிவிட்டு நான்காவது முறை ஓடவிட்டால் அந்தமான் என்று வரும். யார் மாற்றினார் என்று தெரியாது. ஷெரினின் முகம் தெளியும்.

"கோச்சுக்காதீங்க," என்றாள் மெதுவாக. "பிள்ளைகளுக்காகத்தான்."

சோற்றை வடித்தாள். துணி மடித்தாள். மூன்று ஆண்டுகளாக அவள் திறக்காத பக்கம் அது. திறந்தால் அவன் பெயருக்கு எதிரே 'நீக்கு' என்று இருக்கும் என்ற பயம். நாலரை மணிக்கு ஒப்புமானியின் முன் உட்கார்ந்து 'வீட்டார்' என்ற பக்கத்தைத் திறந்தாள்.

படித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த அசிங்கமான நாற்காலியில் முதுகை நிமிர்த்திச் சாய்ந்தாள். அது அவளுக்குச் சரியாகத்தான் பொருந்தியது.

சற்று நேரம் கழித்து அழைத்தாள். "ரெண்டு பேரும் இங்க வாங்க."

வந்து உட்கார்ந்தார்கள். மேசை மேல் நான்காவது செவிமணி இருந்தது. இருவரும் திடுக்கிடவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

"சார்ஜ் இறங்கிருச்சா? புதன்கிழமைதான போட்டேன்," என்றான் கெவின்.

ஷெரின் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"என்ன மிதிக்க? நீ வெள்ளிக்கிழமை போடுறத நான் சொன்னேனா?"

"இப்பச் சொல்லிட்டல்ல, போ."

ஜோவிதா இரண்டு பேரையும் பார்த்தாள். "அதான் இது இறங்கவே இல்ல. நான் ஞாயித்துக்கிழமை போடுவேன்."

ஷெரின் அந்தச் செவிமணியைத் தன் பக்கம் நகர்த்தி, கையால் மூடிக்கொண்டாள்.

"அம்மா, இத எடுத்துராத. அப்பா கேக்குறாருன்னா அங்கயே போவோம். எனக்கு அந்தமான்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு மூணு தடவை ஓடவிட்ட?"

"உனக்காகத்தான். அங்க போனா நீ அழுவ."

"நீ என்னல?" என்று கெவினைக் கேட்டாள்.

"அக்கா ஊருக்குப் போகுது. அதுக்கு அந்தமான் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்." மேசையைச் சுரண்டினான். "எனக்கு அந்த வாளி ஞாபகம் இருக்கு. செருப்பு ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணும் ஞாபகமே இல்ல. அப்பா தோள்ல இருந்தப்போ தண்ணி எம்புட்டு இருந்துச்சுன்னு பாக்கணும்."

ஜோவிதா ஒப்புமானியின் முகத்தில் 'உறுதி' என்பதைத் தொட்டாள். புன்னைத்தீவுத் திட்டு பச்சையாக ஒளிர்ந்து, பெறப்பட்டது என்று சொல்லிவிட்டு அணைந்தது. ஆறு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"சனிக்கிழமை சாளைக் குழம்பு யாருக்கு?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு," என்றாள் ஷெரின். "எனக்கு முள்ளெடுத்தே சீவன் போகுது. இருந்தாலும் அந்த வாசனை வரணும். வந்தாத்தான் சனிக்கிழமை."

"அஞ்சு மணிக்கு ஃபேன் நிக்குறது?"

"அப்பாவுக்குத்தான். நிக்கவும் எனக்கு முழிப்பு வந்துரும்," என்றான் கெவின். "சும்மா படுத்திருப்பேன். அப்பா எந்திரிச்சு நடக்குற மாதிரி இருக்கும்."

"இந்த நாற்காலி?"

"அப்பா," என்றார்கள் இருவரும்.

ஜோவிதா ஷெரினின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளே வெதுவெதுப்பாக இருந்த செவிமணியை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா இதுல இல்ல," என்றாள். "பழைய விருப்பத்த ஒரு வருஷந்தான் வச்சிருக்குமாம். அவரு போன ஒரு வருஷத்துல அதுவே அவர எடுத்துருச்சு. ரெண்டு வருஷமா ஒப்புமானியில நம்ம மூணு பேருதான் இருக்கோம்."