ஓர் எண் பின்னால்

செவ்வாயில் குடிநீர்க் குழாயடியில் யாரும் சண்டை போடுவதில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். தோலுக்கடியில் ஒளிரும் குடி எண் யாருக்குச் சிறியதோ, அவருக்கு மற்றவர்கள் வழிவிடுவார்கள். முதலில் வந்தவருக்கு முதல் மரியாதை. சாதி, சொத்து எல்லாவற்றையும் பூமியிலேயே விட்டுவிட்டு வந்ததாக அவர்களுக்குப் பெருமை.

பதிவுத் துறைத் தலைவி காந்திமதியின் எண் 12. அடுத்த வீட்டு சாரதாவின் எண் 11. இருவரும் ஒரே விண்கலத்தில் வந்தவர்கள். இறங்கும்போது காந்திமதி தலை வாரிக்கொள்ள நின்றாள். சாரதா கலைந்த தலையோடு இறங்கிவிட்டாள். முதல் பத்துப் பேரும் பூமிக்குத் திரும்பிவிட, பூமி தெரியும் ஒரே ஜன்னல் வீடு சாரதாவுக்குப் போனது. மிகச் சிறிய எண்ணுக்கே அந்த வீடு என்பது விதி. காந்திமதிக்கு அதன் பின்புறச் சுவர்தான் தெரியும். தினமும் அதைப் பார்த்துப் பொருமுவாள்.

ஒரு நாள் கணிப்பொறியாளர் ரியாஸ் ஓடிவந்தான்.

"மேடம், குடி எண்ணுக்கு ரெண்டு பைட் இடந்தான் ஒதுக்கியிருக்காங்க. 32,767-க்கு மேல கொள்ளாது. காலையில அந்தக் கடைசி எண்ணும் போயிருச்சு. நாலு பைட்டா அகலப்படுத்தணும். நீங்க சரின்னா ஒரு நாள் வேலை."

"அடுத்த எண் யாருக்கு?"

"சாரதாம்மா பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்காங்க. அந்தக் குழந்தைக்கு."

காந்திமதியின் முகம் இறுகியது. "இடமில்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. ஜன்னல் வீட்டுக்காரிக்காக எல்லாத்தையும் அகலப்படுத்தணுமா?"

"பழைய இயந்திரம், மேடம். இடமில்லேன்னு நிக்காது. சுத்திக்கிட்டு எங்கயாவது போயிரும்."

"போகட்டும்."

போனது. வண்டி மீட்டர் முழுச்சுற்று முடிந்து ஆரம்பத்துக்கு வருவதுபோல எண் திரும்பியது. ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஆரம்பம் பூஜ்யம் அல்ல. அதற்கும் கீழே, யாரும் தொடாத எதிர்மறை எண்களின் அடிமட்டம். மாலையில் பிறந்த பெண் குழந்தையின் பிஞ்சு மணிக்கட்டில் ஒளிர்ந்தது: −32,768.

செவ்வாயிலேயே மிகச் சிறிய எண். ஜன்னல் வீடு குழந்தையின் ஆயுள் முழுக்க அதற்கே என்று ஆனது.

பிடிக்காத எண்ணை ஒப்படைத்துவிட்டு அடுத்த எண்ணை வாங்கிக்கொள்ளலாம் என்றொரு விதி உண்டு. அதுவரை யாரும் சீண்டாத விதி; இப்போதோ அந்த அடுத்த எண் −32,767. மறுநாள் காலை காந்திமதி போட்டது போட்டபடி பதிவகத்துக்கு ஓடினாள். குடியிருப்பே அங்கே திரண்டிருந்தது. வாசல் இயந்திரம் வழக்கம்போல் எல்லோரையும் எண் வாரியாக நிறுத்திக்கொண்டிருந்தது. காந்திமதியை முன்னால் அழைத்து, இரண்டாவது இடத்தில் நிறுத்தியது.

முதலிடத்தில் சாரதா.

"நீ எதுக்குடி வந்தே? வீடு உங்ககிட்டதானே இருக்கு?"

"என் பேத்திக்கும் எனக்கும் நடுவுல நீ வந்து நிக்க, நான் பாத்துக்கிட்டிருப்பேனா?" என்ற சாரதா, அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம் காந்தி, இன்னைக்குத் தலைகூட வாராம ஓடிவந்திருக்கே."